இருபத்தேழாவது வில்லை

மார்ச் 4

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

எண் ஒதுக்கீட்டு அலுவலகத்திலிருந்து எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டணமில்லாத் தொலைபேசி எண்களுக்காக நடந்த குலுக்கலில் எண் பொறித்த வில்லைகளை ஜக்கிலிருந்து எடுத்தவர் நீங்கள். அதைப் பதிவேட்டில் எழுதிய எழுத்தர் நான். நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த ஒதுக்கீட்டின் காலம் இந்த ஆண்டோடு முடிகிறது. புதுப்பிக்கும் வேளையில் ஒரு தகராறு எழுந்துள்ளது. நினைவூட்டலுக்காகச் சொல்கிறேன்: எண்ணூறு என்று தொடங்கும் எண்களில் அடுத்து வரும் மூன்று இலக்கத்தைப் பார்த்துத்தான், அழைப்பை எந்தக் கம்பெனியிடம் ஒப்படைப்பது என்று இணைப்பகம் தெரிந்துகொள்கிறது. அப்படிப்பட்ட இருபத்தேழு முன்னெண்களை, நாம் அலுவலகத்தில் நீலம், பச்சை, மஞ்சள் என்று அழைத்த மூன்று கம்பெனிகளுக்கும் ஆளுக்கு ஒன்பதாக அன்று குலுக்கிக் கொடுத்தோம். முறைவைத்து எடுத்ததில் இருபத்தேழாவது முறை மஞ்சளுடையது. ஜக் காலியாகிவிட்டது என்று முதலில் நினைத்தோம். பிறகு அடியில் ஒரு வில்லை ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தீர்கள். அது 777. மூவரும் ஆசைப்பட்ட எண்.

கடைசி முறை மஞ்சளுக்கு என்பது முன்பே தெரிந்திருந்ததால், அந்த வில்லையை யாரோ வேண்டுமென்றே ஒட்டவைத்தார்கள் என்று நீலக் கம்பெனி மனு கொடுத்துள்ளது. ஏப்ரல் 11 அன்று ஆணையத்தின் முன் விசாரணை. உங்கள் வாக்குமூலம் தேவை. உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே தட்டச்சு செய்து இணைத்துள்ளேன். "கழுவிய ஜக் சரியாக உலராததால் ஈரத்தில் வில்லை ஒட்டியிருக்கலாம்" என்பதே சாரம். கையெழுத்திட்டு, தபால்தலை ஒட்டிய இந்த உறையில் அனுப்பினால் போதும். நேரில் வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
துணை இயக்குநர், முன்னெண் பிரிவு


மார்ச் 9

பதிவேட்டு சாருக்கு,

சௌக்கியமா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கணக்கு நேர்.

நினைவிருக்கும் என்று நம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் எப்போது மறப்பேன் என்று காத்திருந்தவர்கள்தான் அந்த அலுவலகத்தில் அதிகம். முதல் வில்லை நீலத்துக்கு, 222. நீலக் கம்பெனிக்காரர் மேசையைத் தட்டி, "ஆரம்பமே அமர்க்களம்" என்றார். இரண்டாவது பச்சைக்கு, 640. மூன்றாவது மஞ்சளுக்கு, 519. மஞ்சள்காரர் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை, பாவம், அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மீதியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். எழுத்து எனக்குக் கோணும், எண் கோணாது. முன்னெண் என்றால் என்ன என்று எனக்கு நினைவூட்ட வேண்டாம். இருபத்தேழும் என் கை வழியாக வந்தவை.

என் கை ஏன் என்பதும் உங்களுக்குத் தெரியும். எந்தக் கம்பெனியிலும் எனக்கு ஆள் கிடையாது, வீட்டில் போனும் கிடையாது. அதனால், "நம்ம அட்டெண்டரம்மா கைதான் இந்தக் கட்டிடத்துலயே சுத்தமான கை" என்று பெரிய இயக்குநர் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று காலை பதினோரு மணிக்குச் சொன்னது. மத்தியானம் ஒரு மணிக்கு அந்தக் கை என்ன கையாகிவிட்டது?

நீங்கள் அனுப்பிய தாளைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பழம் தெரிந்தது, இரண்டாம் தடவை ஊசி தெரிந்தது. "சரியாக உலராததால்." ஜக்கைக் கழுவியவள் யார்? துடைத்தவள் யார்? இருபது வருஷம் கழித்தும் என் தலையிலேயே கட்டப் பார்க்கிறீர்கள், அதற்கு என் கையெழுத்தே வேண்டுமாம்.

அன்று பதிவேட்டில் நீங்கள் ஒரு வரி எழுதினீர்கள். "பாத்திரம் அட்டெண்டரின் பொறுப்பில் இருந்தது." அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அந்த வரிக்குப் பிறகு என்னைக் கீழ்த்தள ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினார்கள், ஓய்வு பெறும்வரை பன்னிரண்டு வருஷம். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையால் டீ வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். அந்த வரிக்கு முந்தின நாள்வரை உங்களைத் தம்பி என்று கூப்பிட்டேன்.

ஈரத்தில் வில்லை ஒட்டாது சார். ஒட்டினாலும் காய்ந்ததும் விழுந்துவிடும். எது ஒட்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். தபால்தலை வீணாகக் கூடாது என்று உங்கள் உறையிலேயே.


மார்ச் 15

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். என்னை சார் என்று எழுதியிருக்கிறீர்கள். உரிமை இல்லாவிட்டாலும் நான் அக்கா என்றே எழுதுகிறேன்.

அந்தத் தாளின் வாசகம் தவறுதான். கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அன்றைக்கு உங்களை வேலையை விட்டே அனுப்ப வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். ஸ்டோருக்கு மாற்றினால் போதும் என்று வாதாடியவன் நான். இதை உங்களிடம் சொன்னதில்லை. இப்போது எழுதியபின் படித்துப் பார்த்தால், சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

விசாரணை என்ன ஆகும் என்று மட்டும் கேளுங்கள். முன்னெண் என்பது கம்பெனியின் சொத்து மாதிரி. அதன்கீழ் எண் வாங்கியவர்கள் குடியிருப்பவர்கள்தான். வீடு கைமாறினால் அவர்கள் காலி செய்ய வேண்டும், எண்ணைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. குலுக்கல் செல்லாது என்று ஆணையம் சொன்னால் 777 மஞ்சளிடமிருந்து திரும்ப வாங்கப்படும். அன்றிரவே அதன்கீழ் உள்ள எல்லா எண்ணும் ஊமையாகிவிடும். விஷ முறிவு உதவி எண்ணும் அதில் ஒன்று. பள்ளிச் சுவரிலும் மருந்துக்கடைக் கதவிலும் எழுதியிருக்கிறதே, அதே எண். புது எண் கொடுப்பார்கள். ஆனால் பதறுகிறவர்கள் பழைய எண்ணைத்தான் சுழற்றுவார்கள்.

வில்லை தற்செயலாக ஒட்டியது என்று யாராவது ஒருவர் நம்பும்படி சொல்ல வேண்டும். எடுத்தவர் நீங்கள். உங்களை விட்டால் ஆளில்லை.

பி.கு.: உங்கள் பட்டியலை ஒத்துப் பார்த்தேன். ஆச்சரியம். ஆனால் ஒரு பிழை. பதினோராவதாகப் பச்சைக்கு வந்தது 252. நீங்கள் 318 என்று எழுதியிருக்கிறீர்கள். 318 வந்தது பதினான்காவது முறை.


மார்ச் 21

சாருக்கு,

பதினோராவது 318. பதினான்காவது 252. பதிவேடுதான் தப்பு. இரண்டும் பச்சைக்கே போனதால் யாருக்கும் தெரியவில்லை. பச்சைக் கம்பெனிக்காரர் எண்கள் வரவர ஒரு சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டிருந்தார். அவர்கள் கோப்பில் அந்த அட்டை இருக்கும், போய்ப் பாருங்கள். நீங்கள் மாற்றி எழுதினீர்கள், ஏனென்றால் அன்று உங்கள் கை நடுங்கியது. ஏன் நடுங்கியது என்பதைச் சொல்கிறேன்.

காலை ஒன்பதரைக்கு ஜக்கைக் கழுவினேன். பருத்தித் துணியால் துடைத்து உங்கள் அறை மேசையில் கவிழ்த்து வைத்தேன். பிறகு நாற்காலி போடப் போய்விட்டேன். பத்தே முக்காலுக்கு வந்து எடுத்தபோது அது கவிழ்ந்தபடிதான் இருந்தது, ஆனால் கைப்பிடி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. நான் ஜன்னல் பக்கமாகத்தான் வைப்பேன். உள்ளே பார்க்காமல் வில்லைகளைக் கொட்டினேன். அது என் தப்பு. அந்தத் தப்பை நான் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு அந்த ஜக்கை யார் கழுவினார்கள் என்று நினைக்கிறீர்கள்? அடியில் விரலை வைத்தேன். பிசுக்கென்று பிடித்தது. நாக்கில் வைத்தேன். சர்க்கரை. உங்கள் மேசையில் பேனாக்கூட்டில் பேனாக்களோடு ஒரு ஸ்பூனும் நின்றுகொண்டிருந்தது. எறும்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், எறும்பிடம் சர்க்கரையை மறைக்க முடியுமா?

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். "இந்த ஜக்கை யார் கையாண்டது?" என்று இயக்குநர் கேட்டபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சொல்வீர்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம்வரை நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். அட்டெண்டர் சொன்னால் அதற்குப் பெயர் பழிபோடுவது. எழுத்தர் சொன்னால்தான் அது பதிவேட்டில் ஏறும். அதனால் காத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் என் மகள் வீட்டில் சின்னவன் பினாயிலை எடுத்துக் குடித்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரி உப்புத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் போனை எடுத்து 777 எண்ணைச் சுழற்றினேன், சுவரில் பார்த்தல்ல, என் மனசிலிருந்து. "வாந்தி எடுக்க வைக்காதீங்கம்மா, வாயைத் துடைச்சுட்டு உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க" என்று ஒரு பெண் சொன்னாள். பிழைத்தான். இப்போது வீட்டில் எதையும் மூடி வைக்க முடியவில்லை, எல்லா மூடியையும் திறக்கிறான். அந்த எண் ஊமையாகிவிடும் என்று எழுதுகிறீர்கள். நான் வராமல் இருப்பேனா?

வருகிறேன். கழுவினேன், துடைத்தேன், கவிழ்த்தேன், உள்ளே பார்க்கவில்லை என்று சொல்வேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீங்கள் குடித்ததை என் வாயால் சொல்ல மாட்டேன். அது உங்கள் வாயில்தான் இருபது வருஷமாக இருக்கிறது.


ஏப்ரல் 2

அக்கா,

பச்சைக் கம்பெனியின் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சிகரெட் அட்டை இருக்கிறது. பதினோராவது 318.

அன்று மூன்று கம்பெனிகளின் முன்னால் எண்களை உரக்கப் படிக்க வேண்டியவன் நான். முதல் தடவை. முந்தின இரவு முழுக்கக் கண்ணாடி முன் நின்று படித்துப் பார்த்தேன். காலையில் சாப்பாடு எதுவும் இறங்கவில்லை. பத்தரை மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மயங்கி விழுந்தால் என்ன நினைப்பார்கள் என்று பயம். பக்கத்தில் இருந்தது அந்த ஜக் ஒன்றுதான். நாலைந்து ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கரையக்கூடப் பொறுக்காமல் குடித்தேன். வெளியே காலடிச் சத்தம். கவிழ்த்துவிட்டேன்.

முதல் நிமிடத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார்கள். மறுநாள் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். நாளாக ஆக விலை ஏறிக்கொண்டே போனது. உங்களை ஸ்டோரில் பார்க்கக் கூடாது என்பதற்காகப் பன்னிரண்டு வருடம் நான் கீழ்த்தளத்துக்கு வந்ததே இல்லை. தாள் வேண்டுமென்றால்கூட ஆளை அனுப்பினேன்.

இன்றைய நிலை இது. ஓய்வுக்கு நான்கு வருடம் இருக்கிறது. என் மகன் போன வருடம் இதே பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தான். விசாரணைக் குறிப்பை எழுதப்போவது அவன்தான். அவன் கையால் அவன் அப்பாவைப் பற்றி இந்த வரியை எழுத வைப்பதா என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். சொல்லிவிடுவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. பொய்யாக ஒரு வாக்குக் கொடுப்பதைவிட இதை எழுதுவது மேல் என்று எழுதுகிறேன்.


ஏப்ரல் 13

சாருக்கு,

முந்தாநாள் லிஃப்ட் வாசலில் நீங்கள் நின்றீர்கள். நான் பேசாமல் படியிறங்கிப் போய்விட்டேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது. கோபத்தில் போகவில்லை. சொல்வதற்கு எதுவும் தயாராக இல்லை. இருபது வருஷமாகத் திட்டுவதற்குத்தான் தயார் செய்து வைத்திருந்தேன், அன்றைக்கு அது உதவவில்லை.

நீங்கள் எழுந்து நின்றதால் உங்களுக்குத் தெரியாததை, உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தவள் எழுதுகிறேன்.

நீலத்தின் வக்கீல் கெட்டிக்காரர். ஜக்கைத் துடைத்த துணி என்ன நிறம் என்று கேட்டார். வெள்ளை, ஓரத்தில் பச்சைக் கோடு என்றேன். அவர் சிரித்தார். இருபத்தேழையும் சொல்லட்டுமா என்றேன். சிரிப்பு நின்றது. பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "நீங்க கவிழ்த்து வெச்ச பிறகு யார் தொட்டாங்க?" மறுபடி கேட்டார். மேலே மின்விசிறியைப் பார்த்தேன். நான் மாட்டிக்கொண்டேன் என்று அவருக்குச் சந்தோஷம். மூன்றாவது தடவை கேட்கப்போகும்போது பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது.

"நான் தொட்டேன்."

உங்கள் மகனுடைய பேனா நின்றுவிட்டது. அவன் தலை நிமிரவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது. "எழுதுப்பா" என்று நீங்கள் சொன்னீர்கள். அவன் எழுதவில்லை. தலைமை உறுப்பினர்கூட, எழுதலாம் என்பதுபோல் கையைக் காட்டினார். "நான் சொல்றேன், நீ எழுது" என்றீர்கள் நீங்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லி எழுதவைக்கிற மாதிரி. அப்போதுதான் எழுத ஆரம்பித்தான். நிறுத்தி நிறுத்தி, ஸ்பூன் உட்பட எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவன் எழுத்தைப் பார்த்தேன். உங்கள் எழுத்தைவிட நேராக இருக்கிறது.

"அப்போ மஞ்சளுக்காகச் செய்யலைன்னு எப்படி நம்புறது?" என்று வக்கீல் கேட்டபோது எனக்கு அடங்கவில்லை. நான் சொன்னது குறிப்பில் ஏறியதா தெரியாது. சர்க்கரைக்கு எந்தக் கம்பெனி தெரியும், இருபத்தேழு வில்லையில் எது அடியில் போய் உட்காரும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். யாரோ சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

தீர்ப்பு வந்தால் எழுதுங்கள். வராவிட்டாலும் உங்கள் பிள்ளை உங்களோடு பேசுகிறானா என்று எழுதுங்கள்.


மே 6

அக்கா,

தீர்ப்பு வந்துவிட்டது. குலுக்கல் செல்லும். 777 மஞ்சளிடமே இருக்கும். விஷ முறிவு எண் பேசிக்கொண்டுதான் இருக்கிறது, நேற்று நானே ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பழைய பதிவேட்டில் அந்த வரியை அடிக்க முடியாது. விதி அப்படி. ஆனால் பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தக் குறிப்பு எழுதலாம். எழுதினார்கள். அப்படியே தருகிறேன்: "மேற்கண்ட வரி முழுமையானதல்ல. பாத்திரத்தை அட்டெண்டர் முறையாகச் சுத்தம் செய்து வைத்திருந்தார். அதன்பின் அதை எடுத்துப் பயன்படுத்தியவர் இந்தப் பதிவேட்டை எழுதிய எழுத்தர். அட்டெண்டர் மீது எந்தக் குற்றமும் இல்லை." கீழே மூன்று உறுப்பினர்களின் கையெழுத்து. வாசகத்தை எழுதியவன் என் மகன். பேசுகிறான், அக்கா. முதல் ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள், "உப்பை இப்படித் தள்ளுங்கப்பா" என்றான்.

என்னைப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கே போட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கீழ்த்தள ஸ்டோர் ரூம். மேலே யாருக்கும் இதில் இருக்கும் நியாயம் தெரியாது, காலியான இடம் அது ஒன்றுதான்.

முதல் நாள் இரும்பு அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்பக்கம் சாக்கட்டியால் எண்கள். மேலிருந்து கீழாக, இருபத்தேழு. பதினோராவது இடத்தில் 318. துடைக்கத் துடைக்கத் திரும்ப எழுதியதுபோல் ஒவ்வொன்றின் கீழும் பழைய சாக்கின் வெள்ளை படிந்திருந்தது. கீழ்த்தட்டில், பச்சைக் கோடு போட்ட துணியில் சுற்றி, அந்த ஜக்.

அதை உங்களுக்கு அனுப்பட்டுமா? பழைய பொருள் என்று எழுதி வாங்கிக்கொள்ள விதியில் இடமிருக்கிறது.

மன்னிப்பு என்ற சொல்லை இத்தனை கடிதத்திலும் நான் எழுதவில்லை. கவனித்திருப்பீர்கள். எழுதினால் அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் உங்கள் தலையில் வைக்க வேண்டாமென்று விட்டேன்.


மே 10

தம்பி,

சிவப்பு மைக் குறிப்பை நீ எழுதியனுப்பிய பக்கத்தைப் பெட்டியில் வைத்துவிட்டேன். மகள் சட்டம் போட்டு மாட்டலாம் என்றாள். குற்றம் இல்லை என்று மாட்டினால், என்ன குற்றம் என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்பான். பெட்டியே போதும்.

நீ கேட்காததற்கு நானும் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் பன்னிரண்டு வருஷம்தான். அது எனக்கு மறக்காது, மறக்கிற மனசை எனக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அதோடு கூட இதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வேன்: ஏப்ரல் பதினொன்று, பகல் பன்னிரண்டே கால், நீ எழுந்தாய்.

ஸ்டோரைப் பற்றிச் சில விஷயம். நாற்காலிக்குப் பின்பக்க இடது கால் குட்டை, அட்டையை நாலாக மடித்துக் கொடு. ஜன்னல் ஓரத்து அடுக்கில் தாள் வைக்காதே, மழை பெய்தால் ஒழுகும். மேலே சொன்னால் வருவார்கள் என்று காத்திருக்காதே, நான் ஆறு தடவை எழுதிக் கொடுத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் இரண்டாவது அடுக்குவரை வரும், பதினைந்து நிமிஷம் இருக்கும். அப்போது நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொள். அந்த நேரத்துக்காகத்தான் நான் மீதி நேரத்தைக் கழித்தேன்.

எண்களைத் துடைக்காதே. துடைக்க வேண்டும் என்று தோன்றினால் முதலில் மனப்பாடம் செய்துகொள், பதினோராவதை மாற்றாமல்.

ஜக் அங்கேயே இருக்கட்டும். கீழ்த்தளத்தில் குடிக்கத் தண்ணீர் யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள், நீதான் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியை ஜன்னல் பக்கம் வைத்துக் கவிழ்.

காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா